ஆறடித் தண்ணீரும் என் கையெழுத்தும்

குளத்தின் ஓரத்தில் நிற்கும்போது யாராவது வந்து, "இது எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்று கேட்டால், கண்ணால் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கும்போதும் சொல்லாதீர்கள். உங்களைவிட அதிக வருஷம் தண்ணீரைப் பார்த்தவள் நான். என் கண்ணே என்னை ஏமாற்றியிருக்கிறது.

புதிதாக லைஃப்கார்டு வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள், "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார்கள். என்னிடம் இருந்தது நல்ல வார்த்தை இல்லை, கோபம்தான். அன்று பேசியதை எழுதித் தரும்படி உங்களில் இரண்டு பெண்கள் கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறிப்போய் எழுதலாம் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டும் பார்த்தேன். ஆறவில்லை.

இருபத்தாறு வருஷம் இந்த வேலை செய்தேன். காக்ஸ் டவுனில் என் வீடு. முதலில் ஒரு பொது நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்துக்கு மட்டும் நின்றேன். கடைசி ஒன்பது வருஷம் தொம்மலூர் பக்கத்தில் ஓர் அபார்ட்மெண்ட் குளத்தில். பொதுக் குளத்தில் சேர்ந்த முதல் மாதமே தண்ணீர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டது. நீந்த வந்த ஓர் அம்மாளின் மூக்குக் கண்ணாடி உள்ளே விழுந்தது. படியில் உட்கார்ந்து கையை விட்டால் எட்டிவிடும் என்று தெரிந்தது. தோள்வரை விட்டேன், எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். சீருடை, விசில், செருப்பு எல்லாவற்றோடும் தலைகீழாக உள்ளே போனேன். குளமே சிரித்தது. மேலே வந்து நானும் சிரித்தேன்.

அன்று சிரித்தது சரிதான். அது மூன்றடித் தண்ணீர்.

விஷயம் இதுதான். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வரும் ஒளி, தண்ணீரும் காற்றும் சேரும் இடத்தில் வளைந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. ஒளி நேராக வந்ததாகவே கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் அடியில் இருப்பதெல்லாம் இருக்கிற இடத்தைவிட மேலே ஏறித் தெரியும். நேர் மேலே நின்று பார்த்தால் ஆறடி, நாலரை அடியாகத் தெரியும். ஓரத்தில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தைரியம் வரும் பார்ப்பவருக்கு. கலங்கிய ஏரியில் யாரும் சட்டென்று காலை விடுவதில்லை. பளிங்கு போலிருக்கும் குளத்தில் விடுவார்கள்.

அந்த அபார்ட்மெண்ட் குளத்தின் ஒரு முனை மூன்றரை அடி, மறுமுனை ஆறடி. நடுவில் தரை சரிந்து இறங்கும். நான் சேர்ந்தபோது ஓரத்து டைல்ஸில் ஆழம் கறுப்பு எண்களில் பதித்திருந்தது. தரை சரியத் தொடங்கும் இடத்தில் சிவப்புக் கோடு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் படிக்கத் தெரியாதவர்கூட அந்தச் சிவப்பைப் பார்த்து நின்றுவிடுவார்.

அசோசியேஷனுக்குப் புதிதாக வந்த செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. சென்னைக்காரர், ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். குளத்தை வற்ற வைத்து, மேலிருந்து கீழ்வரை வெள்ளையும் இளநீலமுமாகப் புது டைல்ஸ் போட்டார். வேலை முடிந்து தண்ணீர் நிரப்பிய அன்று நான் ஓரமாகச் சுற்றி வந்தேன். ஓர் எண் இல்லை. கோடு இல்லை. மேலே நின்று பார்த்தால் முனைக்கு முனை ஒரே மட்டமான தரை போலத் தெரிந்தது.

நேராக அவரிடம் போனேன்.

"சார், ஆழம் போட்டிருந்த நம்பர் எல்லாம் காணோமே?"

"ரிசார்ட் லுக் வரணும்னு எடுத்தாச்சு ஸ்டெல்லா மேடம். நம்பர் போட்டா பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கு."

"ஆழம் தெரியாம யாராவது இறங்கிடுவாங்க சார்."

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. தரை பளிச்சுனு தெரியுது. பாக்குறவனுக்கு ஆழம் தெரியாதா?"

"அதான் சார் பிரச்சனையே. தெரியிற ஆழம் உண்மையான ஆழம் இல்ல. ஆறடி நாலடி மாதிரிதான் தெரியும்."

அவர் சிரித்தார். "எனக்கே பிசிக்ஸ் கிளாஸ் எடுக்கறீங்களா? நானும் இன்ஜினியர்தான் மேடம்."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒளி வளைவதைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்தான் அவர். பள்ளிக்கூடத்தில் கிளாஸ் தண்ணீருக்குள் பென்சில் போட்டுப் பார்த்திருப்பார். அந்தத் தண்ணீருக்குள் ஒரு மனுஷி நிற்பாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. டைல்ஸ் வேண்டாமென்றால் ஒரு பலகையாவது நிறுத்துங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. தினமும் காலையில் குளத்தைத் திறக்கும் முன் பார்த்து டிக் போட வேண்டும். தண்ணீரின் நிலை, மிதவை வளையம், கொக்கிக் கழி, முதலுதவிப் பெட்டி. ஐந்தாவதாக, 'ஆழக் குறிகள் தெளிவாகத் தெரிகின்றனவா?' புது டைல்ஸ் போட்ட பிறகு முதல் மூன்று நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். நான்காம் நாள் செயலாளர் கூப்பிட்டார்.

"ஒரு கட்டம் காலியா இருக்கே மேடம்? இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. டிக் போட்டுடுங்க. பலகைக்குச் சொல்லியாச்சு, வந்துடும்."

போட்டேன். அந்த மூன்று நாளுக்கும் சேர்த்துப் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. முட்டிவலி வேறு. சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். பலகைதான் வரப்போகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு வாரம் தினமும் காலையில் இல்லாத எண்களுக்கு டிக் போட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தைப் படிக்கக்கூட இல்லை. பேனா தானாக ஓடியது.

மஞ்சுளாவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் சமையலும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. தொம்மலூர்க்காரி. என்னைவிட இருபது வயது சின்னவள், ஐந்தடிகூட இருக்க மாட்டாள். வாயாடி. நாலு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் பதினோரு மணிக்குக் குளத்துப் பக்கம் வருவாள். "பாப்பா தண்ணியப் பாத்தாத்தான் அக்கா சாப்பிடுது, ஏன் மாடோது" என்பாள், என்ன செய்வது என்று. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள். சுவரோரமாக உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிவிட்டு என்னிடம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். தண்ணீரில் கால்கூட வைத்ததில்லை.

அன்று காலை நீச்சல் வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் ஆழம் குறைந்த முனையில் முட்டிபோட்டு, மிதவைக் கயிற்றில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சுளா மறுமுனையில் இருந்தாள். குழந்தையின் காலில் வெள்ளிக் கொலுசு, கொஞ்சம் பெரிய அளவு. குழந்தை அதைக் கழற்றித் தண்ணீருக்குள் வீசியது.

"அய்யோ! அக்கா, கொலுசு உள்ள விழுந்துடுச்சு!"

"இரு மஞ்சு, நான் வந்து எடுக்கறேன்."

"இதோ இங்கதான் தெரியுது அக்கா. நானே எடுத்துக்கறேன்."

"இறங்காதடி!"

நான் எழுவதற்குள் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து வழுக்கி இறங்கிவிட்டாள். சத்தமே இல்லை. நீங்கள் சினிமாவில் பார்ப்பதுபோலக் கையை ஆட்டவோ கத்தவோ இல்லை. தலை ஒருமுறை மேலே வந்தது, வாய் திறந்திருந்தது. அப்புறம் தண்ணீர் மட்டும்தான்.

நான் ஓடினேன். வழியில் சுவரில் இருந்த கொக்கிக் கழியை உருவிக்கொண்டேன். அவள் விழுந்த இடத்துக்கு நேராகக்கூடப் போகவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றே கழியை நீட்டினேன். அவளுடைய பச்சைப் புடவை மேலாகவே தெரிந்தது. அந்தப் பச்சையைக் குறிவைத்தேன். கழி அவளுக்கு மேலே போனது. இழுத்து மறுபடி விட்டேன். மறுபடியும் மேலேதான் போனது. ஆறடி நாலடியாகத் தெரியும் என்று செயலாளருக்குப் பாடம் எடுத்தவள் நான். என் கண் அவளைக் காட்டிய இடத்தில் அவள் இல்லை. அதைவிடக் கீழே இருந்தாள். வெறும் தண்ணீரைத்தான் இரண்டு முறை குத்தினேன்.

அந்த இரண்டு வீச்சுக்கு எத்தனை விநாடி ஆனது என்று இன்றுவரை கணக்குப் போடுகிறேன். அவளுக்கு மூச்சு இல்லாத விநாடிகள் அவை.

கழியை எறிந்துவிட்டு விசிலை ஊதினேன். "குழந்தையப் பிடி!" என்று கேட்டில் இருந்த காவலாளியைப் பார்த்துக் கத்திவிட்டுக் குதித்தேன். புடவை அவளைச் சுற்றிக்கொண்டு கனத்தது. தலைமுடியைப் பிடித்தேன், பிறகு அக்குளில் கை கொடுத்து மேலே கொண்டுவந்தேன். காவலாளி குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறுகையால் அவளை இழுத்துப் போட்டார். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகியது வேறு, தினமும் ஊர்க்கதை பேசியவளின் நெஞ்சை அழுத்துவது வேறு. கை நடுங்கும். நடுங்கட்டும், நிறுத்தாதீர்கள். நான் அழுதுகொண்டே செய்தேன். அவளைத் திட்டிக்கொண்டே செய்தேன். அவள் தண்ணீரைக் கக்கி இருமியபோதும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்று பிறகு காவலாளி சொன்னார்.

ஈரச் சீருடையோடு ஆம்புலன்சில் கூடவே போனேன். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் உள்ளே விட்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, கொலுசு கெடச்சுதா?"

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. "உயிர் போயிருக்கும்டி. கொலுசைக் கேக்கறே?"

"போன மாசம் தோடு காணோம்னு மேடம் என் பையக் கொட்டிப் பாத்தாங்க அக்கா. தோடு அவங்க பீரோவுலயே இருந்துச்சு. இப்போ கொலுசும் போச்சுன்னா?" இருமினாள். என் கையைப் பிடித்தாள். "இடுப்பளவு தண்ணிதான் தெரிஞ்சுது. கால வெச்சா நின்னுடலாம்னு இறங்குனேன். கால வெச்சேன் அக்கா, தரையே இல்ல. தரை எங்க அக்கா போச்சு?"

அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? தரை போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்ணைப் பெயர்த்து எறிந்துவிட்டார்கள். எண் இருக்கிறது என்று தினமும் கையெழுத்துப் போட்டவள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதை அன்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். குளத்தைப் பூட்டியிருந்தார்கள். கேட்டில் புது அறிவிப்பு: 'வீட்டு வேலை செய்பவர்கள் குளத்துப் பகுதிக்கு வரக் கூடாது.' பதினோரு வாரமாக வராத பலகை, இதற்கு நாலே நாளில் வந்துவிட்டது. மஞ்சுளாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் காவலாளி சொன்னார். அந்த வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. போன்கூடச் செய்யவில்லை.

செயலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஆழக் குறிகள் முறையாக இருந்தன, லைஃப்கார்டு எச்சரித்தார், அதையும் மீறி அந்தப் பணிப்பெண் தண்ணீரில் இறங்கிப் பதற்றத்தில் மூழ்கினார் என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"குறி இல்லையே சார்."

அவர் மேசை மேலிருந்த பதிவேட்டைத் திறந்தார். "இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? தினமும் டிக். தினமும் உங்க சைன். இப்ப இல்லைன்னு சொன்னா, இத்தனை நாள் பொய் எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கற மாதிரி. ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு மேடம் உங்களுக்கு இது?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவர் வாங்கிய ஒவ்வொரு டிக்கும் இந்த நாளுக்காகத்தான். நான் அவர் முன்னால் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. தாளை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட்டில் நின்று ஆட்டோ பிடித்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே தகவல் போயிருந்தது. விசாரித்தது ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நான் சொன்ன எதற்கும் தலையாட்டவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார்.

"நீவு யாக்கெ டிக் ஹாக்கித்ரி?" நீங்கள் ஏன் டிக் போட்டீர்கள்?

பத்துக் காரணம் தயாராக வைத்திருந்தேன். "தப்பு பண்ணிட்டேன் மேடம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் குளத்தைப் பார்க்க வந்தார். செயலாளரும் நானும் நின்றோம். தண்ணீர் அசையாமல் இருந்தது. ஆழ முனையில், வெள்ளைத் தரைமேல், குழந்தையின் கொலுசு அப்படியே கிடந்தது.

"எஷ்டு அடி இதெ சார்?" எத்தனை அடி இருக்கிறது என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். ஆழமே இல்லை, அவள்தான் பயந்து மூழ்கினாள் என்று காட்ட வேண்டும் அவருக்கு. "அஞ்சடிகூட இருக்காது மேடம். பாருங்க, இங்கதான் தெரியுது."

சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் கொக்கிக் கழியை எடுத்து, ஓரத்தில் குனிந்து, செயலாளர் காட்டிய கொலுசுக்குப் பக்கத்தில் நேராக இறக்கினேன். கழி போய்க்கொண்டே இருந்தது. தரையில் முட்டியதும் தண்ணீர் மட்டத்தில் என் விரலை வைத்துப் பிடித்து மேலே எடுத்தேன். சொட்டச் சொட்ட அதைச் செயலாளருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். என் விரல் அவர் தலைக்கு மேலே இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் அவர் உயரத்தை ஒருமுறை பார்த்தார், என் விரலைப் பார்த்தார், கான்ஸ்டபிளிடம் டேப் கேட்டு வாங்கி அளந்தார். ஆறடி. பிறகு செயலாளரைப் பார்த்துச் சொன்னார்: "நீவே முளுகோக்தீரா சார்." நீங்களே மூழ்கிவிடுவீர்கள் சார்.

அதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. ஒரே வாரத்தில் எண்களும் சிவப்புக் கோடும் திரும்பி வந்தன, அதுவரைக்கும் சரி. மஞ்சுளாவின் கணவரிடம் யார் யாரோ போய்ப் பேசினார்கள். புகாரை வளர்க்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். செயலாளர் இன்றும் செயலாளர். என் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. மஞ்சுளா இப்போது ஆஸ்டின் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். அவள் வீடு திரும்பிய பிறகு நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன், டிக் போட்டதையும், கழி தவறியதையும். "நீயுமா அக்கா" என்று மட்டும் கேட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காப்பியைக் குடித்தது எனக்கு அந்தத் தண்ணீருக்குள் குதித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

அதனால் சொல்கிறேன். ஒருவர் அடியில் போய்விட்டால், நேர் மேலே போகாமல் கழியை நீட்டாதீர்கள். தரையில் முட்டும்வரை இறக்குங்கள். ஒரு வீச்சு தவறினால் இரண்டாவது வேண்டாம், குதியுங்கள். இது கண்ணைப் பற்றியது, பழகினால் வந்துவிடும். பதிவேட்டில் இல்லாததை இருக்கிறது என்று எழுதச் சொன்னால், 'இல்லை' என்று எழுதுங்கள். காலியாகக்கூட விடாதீர்கள், காலியான இடத்தை யாரும் நிரப்பிக்கொள்ளலாம். இது பழகுவதால் வருவதில்லை. ஒவ்வொரு காலையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. அந்தக் குளத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவள், பெயர் பவித்ரா.

"மேடம், சாயந்தரம் இங்க ஒரு பர்த்டே பார்ட்டி. அலங்காரத்துக்குன்னு ஆழ நம்பர் மேலயே வரிசையா பூந்தொட்டி வெச்சுட்டாங்க. ஒரு நம்பர்கூடத் தெரியல."

"நீ என்ன பண்ணே?"

"எல்லாத்தையும் நகத்தினேன். திரும்பவும் வெச்சாங்க. அதான் குளத்தைப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுக் கேட்டுல நிக்கறேன். செக்ரட்டரி சத்தம் போடறாரு. வேலைய விட்டு எடுத்துடுவேன்கறாரு." பின்னால் ஓர் ஆண் கத்துவது எனக்கே கேட்டது. "நான் பண்ணது சரிதானே மேடம்?"

"சரி. சாவியக் குடுக்காதே. அங்கேயே நில்லு."

முட்டிவலியைப் பார்க்காமல் படியிறங்கி ஆட்டோ பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.